இதர விலங்கின் முட்டைகள்

ஆற்றங்கரைக் காவலாளிக்குத் தன் நிழல்மேல்கூட நம்பிக்கை கிடையாது. கரையிலிருந்து யார் கிளம்பினாலும் பையைக் குலுக்கி, சட்டைப்பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டிவிட்டுத்தான் போகவேண்டும். சொந்த அக்கா புருஷனுக்கும் அதே கதிதான்.

அவன் காத்தது ஒல்லி மூக்கு ஆற்று முதலையை. மீன் தின்று பிழைக்கும் சாது. முரட்டு முதலை என்றால் கூட்டம் கூடும். இதைப் பார்க்க ஈ, காக்கா வராது. சரணாலய வாசல் பலகையில் 'யானை, மான், இதர விலங்குகள்' என்றிருந்ததில், இது இதர. அந்த ஆற்றில் மிஞ்சியிருந்த ஒரே பெண் முதலை மணல்மேட்டில் முட்டையிட்டிருந்தது. அதுவும் போனால் வம்சமே போச்சு.

ஒருநாள் காலையில் மேட்டில் வெறும் பள்ளம்தான் இருந்தது. பக்கத்தில் பிய்ந்த செருப்புத் தடம். அக்கா புருஷன், மீன் பிடித்து விற்கும் மச்சானின் செருப்பு. தாய் முதலை பள்ளத்தைப் பார்த்தது. பிறகு காவலாளியைப் பார்த்தது.

அவன் அக்கா வீட்டுக்கு ஓடினான். அக்கா கதவைப் பாதிதான் திறந்தாள். "என்னடா?" என்றாள். 'சாப்பிட்டியா' என்று கேட்கவில்லை. அவன் பிறந்ததிலிருந்து அவள் அப்படிக் கேட்காமல் இருந்ததே கிடையாது.

"அடுப்புல என்னக்கா?"

"வெந்நீர்."

"வெந்நீர்ல என்ன?"

"தண்ணி."

தள்ளிக்கொண்டு உள்ளே போனான். பின்னறையில் மச்சானின் மீன் பெட்டி. ஐஸ் இருக்கவேண்டிய இடத்தில் மணல், மேலே குண்டு பல்பு. மணலுக்குள் முட்டைகள்.

"மச்சான்! உங்களுக்கு வெக்கமா இல்ல?"

"கத்தாதே மாப்ள. இன்னிக்கு அணையைத் திறக்கிறானாம். மேடு முழுகிடும். உன்கிட்ட சொன்னா நீ ஆபீசைக் கேப்பே. பதில் வர்றதுக்குள்ள ஆறே வத்திடும்."

"உங்களுக்கு என்ன திடீர்னு அக்கறை?"

"அது விரட்டுற மீன்தானேடா என் வலையில விழுது!"

கணக்கு சரியாக இருந்தது. அதனாலேயே சந்தேகம் கூடியது. குனிந்து பார்த்தான். முட்டைகள் பளபளவென்று, வரிசையாக, அழகாக அடுக்கப்பட்டிருந்தன.

"எந்தப் பக்கம் மேல இருந்துச்சோ அப்படியேதானே வெச்சீங்க? புரட்டினா உள்ள இருக்கிற குஞ்சு செத்துடும்."

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நல்லாக் கழுவித்தாண்டா அடுக்கினோம்," என்றாள் அக்கா. "பெட்டியில எது போட்டாலும் கழுவித்தானே போடுவோம்?"

காவலாளி பெட்டிமேல் காதை வைத்துப் படுத்துக்கொண்டான். சத்தமே இல்லை. வெளியே வெள்ளம் ஏறி, வாசற்படியைத் தொட்டது. அப்போதுதான் பெட்டிக்குள், முட்டைக்குள்ளிருந்தே ஒரு குஞ்சு 'க்ரக்' என்றது. பக்கத்தில் இன்னொரு 'க்ரக்'. பொரிக்கும் பருவம் வந்துவிட்டதால் குஞ்சுகள் கழுவலையும் தாங்கிவிட்டன. அவன் கண்ணைத் துடைத்துக்கொள்வதற்குள் வாசலிலிருந்தும் ஒரு 'க்ரக்' வந்தது, கொஞ்சம் கட்டைக் குரலில்.

தாய் முதலை படியேறி உள்ளே வந்தது. மச்சான் பரண்மேல், அக்கா மேசைமேல். காவலாளிக்கு ஏற எதுவும் மிஞ்சவில்லை; பெட்டியை மெல்ல முன்னால் தள்ளினான். முதலை, ஓட்டை உடைத்துக்கொண்டு வந்த குஞ்சுகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்வி, வாசல் தண்ணீரில் விட்டுவிட்டு வந்தது. பெட்டி காலியானது. ஆனால் முதலை நகரவில்லை. அவன் சட்டைப்பாக்கெட்டையே பார்த்தது.

"காட்டித் தொலைடா!" என்றார் மச்சான், பரணிலிருந்து.

பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டிய பிறகுதான் போனது. வாசலில் ஒருமுறை திரும்பியும் பார்த்தது.

"சாப்பிட்டியாடா?" என்றாள் அக்கா, மேசைமேல் இருந்தபடியே.