விரல் முந்திப்போன இடம்

இப்போதெல்லாம் ஜனங்களுக்கு எதைக் கொடுத்தாலும் அற்புதம்தான். வெந்நீர் மாதிரி காப்பியைக் கொடுத்து எப்படி என்று கேட்டாலும் அற்புதம் என்கிறார்கள். உள்ளதைச் சொல்ல ஒருத்தனுக்கும் வாய் வருவதில்லை. நான் சொல்லிவிடுவேன். அமெரிக்காவில் ஏரிக்கரை ஊரான டுலூத்தின் துறைமுகத்தில் கப்பலுக்கு இரும்புத்தாது ஏற்றிப் பிழைத்தவன் நான், இசையைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. அப்படியிருந்தும் பக்கத்து வீட்டு லெஸ்டர் என்னைத்தான் கூப்பிட்டான்.

அவன் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வியோலா, அதாவது கொஞ்சம் பெரிய வயலின், சொல்லிக்கொடுத்தவன். வீடு முழுக்க இசைத்தட்டு. மூன்று பேர் கார் கொட்டகைக்குள் நடத்துகிற சின்னக் கம்பெனிகளிடம் சொல்லி, பேர் தெரியாமல் செத்துப்போனவர்களின் பாட்டாகத் தேடித் தேடி வரவழைப்பான். போன குளிர்காலத்தில் அவன் காது போய்விட்டது. உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடித்துக்கொள்வான். காதுக்கு மெஷின் வைத்தால் இசை தகரத்தை இழுக்கிற மாதிரி இரைகிறதாம்.

"யோவ் எய்னார், பூட்ஸைக் கழட்டிட்டு உள்ள வா" என்றான். மேஜையில் ஒரு புதுத் தட்டு, பக்கத்தில் புள்ளியும் கோடுமாக ஒரு பழைய இசைப் பிரதி.

"இது நாலு பேர் வாசிக்கிறது. ஹெட்விக் ராம்பெர்க்னு ஒரு ஜெர்மன்காரி எழுதினா. செத்து நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. இளவயசுலேர்ந்து இதக் கண்ணால படிச்சிட்டே இருக்கேன், காதால கேட்டதில்ல. யாரும் தட்டு போடல. இப்பதான் வேல்ஸ்ல ஒருத்தன் போட்டிருக்கான்."

"காது போனப்புறம் வாங்கி என்னத்தக் கிழிக்கப்போற?"

"நீ கேளு. இது நெஜமாவே நல்லாருக்கா, இல்ல இல்லாததை நானே இத்தன வருஷமா நெனச்சிக்கிட்டேனா, சொல்லு. மத்தவனுங்க என்னப் பார்த்துப் பாவப்பட்டுப் பொய் சொல்லுவானுங்க. உனக்குத்தான் பாவ புண்ணியமே கெடையாதே."

"நல்ல சரக்குன்னா எவன்யா தரையில விட்டுட்டுப் போவான்?"

"வாய மூடிட்டுக் கேளு."

நடுவில் வரும் மெதுவான பகுதியை மட்டும் வைத்தான். பொத்தானை அழுத்திவிட்டுப் பிரதியில் விரலை நகர்த்தத் தொடங்கினான்.

எங்கள் ஏரி உறைந்து கிடக்கும் காலத்தில் பனிக்கட்டிக்கு அடியில் ஒரு முனகல் கேட்கும். வெகுதூரத்தில் கிளம்பி, காலுக்குக் கீழே வந்து, தாண்டிப் போகும். செல்லோ என்கிற அந்தப் பெரிய, கனத்த குரல் வயலின் அப்படித்தான் வந்தது. கை மயிர் குத்திட்டு நின்றது. காப்பி ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை.

லெஸ்டர் பிரதியை மூடிவிட்டு நிமிர்ந்தான். "எப்படி?"

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கையைத் தூக்கி நிறுத்தினேன். "இன்னும் முடியல."

"முடியலியா? நான் முடிச்சிட்டேனேய்யா!" முகம் வெளுத்துவிட்டது. "அவ்வளவு மெதுவாவா வாசிக்கிறாங்க? அப்ப இத்தன வருஷமா நான் படிச்சது வேற ஏதோ."

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. "மறுபடி போடு" என்றேன். அவன் இடது கையை இழுத்து மேஜைமேல் வைத்து, செல்லோ அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் அதன்மேல் என் விரலால் தட்டினேன். அவன் விரல் என் தட்டலுக்குத் தக்கபடி பிரதியில் ஊர்ந்தது.

ஓரிடத்தில் நாலு பேரும் ஒன்றாக நிறுத்திவிட்டார்கள். என் விரல் அந்தரத்தில் நின்றது.

"இங்க ஒரு நிறுத்தம் இருக்கு" என்று முனகினான். "நான் இத ஒரே தாண்டாத் தாண்டிட்டுப் போயிருக்கேன்."

பிறகு ஒற்றை வயலின், மூச்சு விடுகிற அளவுக்குத்தான் சத்தம். தட்டினேன். அவன் விரல் மெல்ல நகர்ந்தது. "அடேயப்பா" என்றான். காது கேட்காதவன் சொல்கிறான். எனக்கும் அதையேதான் சொல்லத் தோன்றியது.

முடிந்தது. இம்முறை இரண்டு பேருக்கும் ஒன்றாகவே முடிந்தது.

"சொல்லு."

"நல்லாருக்கு."

"பொய்யா?"

"உன் சமையல ஒரு நாளாவது நல்லாருக்குன்னு சொல்லியிருக்கேனா?"

சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டே கையை மறுபடி நீட்டினான். இன்னொரு தடவையும் தட்டினேன்.

அப்புறம் பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை, ஏரிப் பக்கம் இறங்கி நடந்தேன். இப்படி ஒன்று நூறு வருஷத்துக்கு மேல் யாரும் சீண்டாமல் கிடந்ததாம். ஊருக்கு ஊர் வயலின்காரன் இருக்கிற உலகத்தில், அத்தனை பேரும் குருடர்களா? எங்கேயோ இடிக்கிறது. யாரும் சீண்டவில்லை என்று லெஸ்டர் சொல்வதை மட்டும் வைத்து நான் நம்பிவிட மாட்டேன்.