கேளாமல் வெட்டிய பியோனிகள்

புலம்பெயர்ந்து வந்த நாட்டில், மில்லிக்கன் என்ற ஊரில், அருள்நாயகத்தின் வீட்டு நிலத்தடிப் பேஸ்மென்றில் குணவதியும் கணவர் ஸ்ரீஸ்கந்தராசாவும் வாடகைக்கு இருந்தார்கள். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு இலையுதிர்காலத்தில், வீட்டுக்குப் பின்னாலுள்ள வளவின் வேலியோரம் பியோனி என்ற பூச்செடியின் கிழங்கு ஒன்று நடலாமா என்று அவள் கேட்டாள்.

"உந்த மூலை சும்மாதானே கிடக்குது, நட்டுக்கொள்ளும்," என்றார் அருள்நாயகம்.

பியோனிக் கிழங்கின் சிவந்த முளைகள் மண்ணுக்குள் ஆழமாகப் போய்விட்டால் இலை வரும், பூ வராது. குணவதி விரலை வைத்து அளந்து, மேலாகவே மூடினாள். முதல் கோடையில் நாலைந்து இலைகள். அடுத்த கோடையில் ஒரு மொட்டு வந்து கருகியது. அதற்கடுத்த வசந்தத்தில்தான் செடி நிறைய மொட்டு வைத்தது. பாரத்தில் சாயாமல் கம்பி வளையம் போட்டாள். மொட்டுகளில் எறும்பு ஊர்வதைப் பார்த்து அருள்நாயகம் மருந்தடிக்க வந்தார்.

"வேண்டாம் அண்ணை. அதுகள் மொட்டில ஊறுற தேனுக்குத்தான் வருதுகள். பூ விரிஞ்ச உடன அதுகளே போயிடும்."

ஜூனில் அத்தனையும் விரிந்தன. குணவதி வேலையால் வந்து சப்பாத்தும் கழற்றாமல் நின்று பார்த்தாள்.

மறுநாள் சனிக்கிழமை, பெரியபிள்ளையான அருள்நாயகத்தின் மகள் தனுசியாவுக்குச் சாமத்தியவீடு. குணவதி பேக்கரியில் வேலை முடிந்து ஓடிவந்து, அவசரமாகச் சேலையைச் சுற்றிக்கொண்டு கணவருடன் மண்டபத்துக்குப் போனாள். மேடையில், பிள்ளையின் கதிரைக்கு இரு புறமும் பெரிய சாடிகளில் அவளுடைய பியோனிகள்.

வாசலில் நின்ற அருள்நாயகத்தின் மனைவி தங்கேஸ்வரியிடம் கேட்டாள். "அக்கா, உது என்ர பூவெல்லே?"

"ஓம். கடையில வடிவாய் ஒண்டும் இல்லை. இவர் காலமை வெட்டினவர். எங்க வாங்கினதெண்டு எல்லாரும் கேக்கினம்!"

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"எங்கட வளவில நிக்கிறதுக்கு உம்மைக் கேக்கவேணுமோ?" தங்கேஸ்வரி சிரித்தபடி அடுத்த விருந்தாளியிடம் போய்விட்டாள்.

மேடையேறிச் சாடியோடு தூக்கிக்கொண்டு போகலாமா என்று வந்தது குணவதிக்கு. பரிசோடு மேலே போனபோது தனுசியா மாலைக்குள்ளிருந்து, "அன்ரி, பூ எவ்வளவு வடிவு பாருங்கோ!" என்றாள். அந்தப் பிள்ளை என்ன செய்யும்? பரிசை அவள் கையில் கொடுத்துவிட்டு இறங்கினாள்.

"வீட்டுக்காரரோட சண்டை பிடிச்சுக் கொழுவாதையும்," என்றார் ஸ்ரீஸ்கந்தராசா.

"நான் கொழுவேல்லை. ஆனால் இந்தச் சோறு எனக்கு இறங்காது."

வீட்டுக்கு வந்ததும் நேரே பின்வளவுக்குப் போய்ப் பார்த்தாள். தண்டுகளை நிலத்தோடு வழித்திருந்தார்கள். ஓர் இலைகூட இல்லை. இலை நின்றால்தான் கிழங்கு அடுத்த வருடத்துக்குத் தேறும்.

அடுத்த நாள் அருள்நாயகம் கார் கழுவிக்கொண்டிருந்தார்.

"பூவை எடுத்தனீங்கள். இலையளையும் ஏன் அண்ணை அடியோட வெட்டினனீங்கள்?"

"திரும்ப முளைக்கும்தானே. உதெல்லாம் ஒரு கதையே?" அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

அன்றே வேறு வீடு தேடத் தொடங்கினாள். செப்ரெம்பரில் ரெக்ஸ்டேலில், தோட்டம் வைக்க விடுகிற ஒரு வீடு கிடைத்தது. சாமான் ஏற்றுகிற நாளில் மண்வெட்டியோடு வேலியோரம் போனாள். அருள்நாயகம் ஓடிவந்தார்.

"ஆரைக் கேட்டுக் கிண்டுறீர்?"

"உங்களைக் கேட்டு நட்டனான். கேளாமல் வெட்டினது நீங்கள்."

"அது இந்த மண்ணில நிண்டது!"

"மண் உங்கடதான். வைச்சிருங்கோ."

அவர் முன்னாலேயே கிழங்கை உதறி உதறி, ஒட்டியிருந்த மண்ணையெல்லாம் குழிக்குள் கொட்டினாள். பிறகு ஈரச்சாக்கில் சுற்றி வாளிக்குள் வைத்தாள். கொழுவாதையும் என்று சொன்ன ஸ்ரீஸ்கந்தராசாவே வாளியைத் தூக்கிச் சாமான் வான் வண்டியில் ஏற்றினார்.

ரெக்ஸ்டேலில் இரண்டு கோடை பூவே இல்லை. ஒவ்வொரு ஜூனிலும் அவளுக்குக் கோபம் புதிதாக வந்தது. மூன்றாம் கோடையில் இரண்டு பூக்கள் வந்தன. அந்த வாரம் பலசரக்குக் கடையில் தங்கேஸ்வரி எதிர்ப்பட்டாள்.

"என்ன குணவதி, முகத்தைத் திருப்புறீர்? உந்தப் பூவுக்கு இன்னும் கோபமோ?"

"ஓம் அக்கா, இன்னும் கோபம்தான்," என்று சொல்லிவிட்டு, குணவதி சாமான் வண்டிலைத் தள்ளிக்கொண்டு காசாளரிடம் போனாள்.