ரத்தம் ஊற வாங்கிய ஈரல்

பன்றிப் பண்ணையில் அவனை 'ஒத்தக் கிட்னி' என்றுதான் கூப்பிடுவார்கள். தங்கைக்கு ஒரு சிறுநீரகத்தைக் கொடுத்துவிட்டு, தையல் ஆறியும் ஆறாமலும் கொட்டில் கழுவ வந்து நின்றவன். "ரெண்டு வாளி தூக்காதடா, உனக்கு எல்லாமே ஒண்ணுதான்" என்று மேஸ்திரி கிண்டல் செய்வார். அவனும் சிரிப்பான். உள்ளூர அந்தப் பெயரில் அவனுக்குப் பெருமைதான்.

தங்கை பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருந்தாள். அண்ணனுடைய சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கிவைக்கும் மாத்திரைகளை நாள் தவறாமல் விழுங்கவேண்டும். அவனும் பார்த்துப் பார்த்துத்தான் நடந்துகொண்டான். பண்ணையிலேயே குளித்து, உடை மாற்றிய பிறகுதான் அவள் வீட்டுப் படியேறுவான்.

ஒருமுறை அவள் முகம் வெளிறிக் கிடந்தது. ஈரல் தின்றால் ரத்தம் ஊறும் என்று யாரோ சொன்னார்கள். பண்ணையில் அறுத்த அன்று பன்றி ஈரலைக் கேட்டு வாங்கிவந்து, அவனே அடுப்பேற்றினான். ரொம்ப வெந்தால் ரப்பராகிவிடும் என்று இரண்டு பிரட்டுப் பிரட்டி இறக்கிவிட்டான். "சமையல்காரனாப் போயிருக்கலாம் நீ" என்று தட்டை வழித்துத் தின்றாள். அதற்கப்புறம் ஈரல் கிடைத்தபோதெல்லாம் கொண்டுவந்தான்.

சில மாதங்களில் அவளுக்குச் சோறு கண்டாலே குமட்டியது. கண் மஞ்சளடித்தது. ரத்தத்தைச் சோதித்த டாக்டரம்மா சொன்னாள்:

"இது பன்னியோட குடல்லயும் ஈரல்லயும் இருக்கிற வைரஸ். பன்னிக்கு ஒண்ணும் பண்ணாது. நம்மள மாதிரி ஆளுங்களுக்கு வந்தாலும் பெரும்பாலும் தானாப் போயிடும். இவங்க உடம்புல அத எதிர்த்து நிக்கத் தெம்பில்ல."

"நான்தாங்க ஈரல் சமைச்சுக் குடுத்தேன். அரைகுறையா வெந்துச்சு."

"அதுலயும் வந்திருக்கலாம். வேற வழியிலயும் வந்திருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது."

அவனுடைய ரத்தத்தையும் எடுத்துப் பார்த்தார்கள். அந்த வைரஸ் அவனுக்கும் எப்போதோ வந்து போயிருந்தது. ஒருநாள் தலைவலிகூட வந்ததாக அவனுக்கு நினைவில்லை. தன் ஆரோக்கியத்தை நினைத்து அவன் வெட்கப்பட்டது அன்றுதான்.

மருந்து கொடுத்தார்கள். வைரஸ் அடங்கியதுபோல் அடங்கி மறுபடி தலைதூக்கியது. மீதியிருந்தது ஒரே வழி: எதிர்ப்பை அடக்கும் மாத்திரையைக் குறைப்பது. குறைத்தால் சிறுநீரகம் போகலாம். குறைக்காவிட்டால் ஈரல் போய்விடும்.

"கொறைங்க" என்றாள் தங்கை. பிறகு அவன் பக்கம் திரும்பி, "நீ குடுத்தத நான் பத்திரமா வச்சுக்கலன்னு நெனச்சுக்காதண்ணா."

"என்னடி பேச்சு இது? கெடுத்தவன் நான்."

"போதும் விடு. ஆசையாத் தின்னவ நான்தானே."

சிறுநீரகம் செயலிழந்தது. வைரஸோ போகவில்லை, ஈரல் கல்லாக இறுகிக்கொண்டே வந்தது. மறுபடி அவளை ரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு இணைத்தார்கள். அவன் டாக்டரம்மாவின் அறைக்குப் போய் நின்றான்.

"இன்னொண்ணயும் எடுத்துக்கங்க."

"அப்புறம் நீங்க எப்படி இருப்பீங்க? அப்படியே எடுத்தாலும் இந்த ஈரலோட அவங்க தாங்கமாட்டாங்க" என்றாள் அவள். அவன் தலையாட்டிவிட்டு வெளியே வந்தான்.

அந்த வாரம் தங்கை கடைச் சாவியை அவனிடம் கொடுத்தாள். "வெட்டாத துணியெல்லாம் கெடக்கு. அவங்கவங்க கிட்ட திருப்பிக் குடுத்துடு."

பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினான். ஒரு வீட்டு அம்மா துணியை வாங்க மறுத்தாள். "எனக்கென்ன அவசரம்? அவ நல்லாகி வந்து தைக்கட்டும். அவ கைக்குத்தான் அளவு சரியா வரும். நீயே வச்சிரு தம்பி."

அவன் துணியை மடிப்புக் கலையாமல் அவள் வாசற்படியில் வைத்துவிட்டு, அடுத்த வீட்டுக்கு நடந்தான்.