பின்பக்கம் உள்ள கோட்டை

சாம்பல் கோட்டையைப் பற்றி முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அது ஒன்றும் பிரமாதமான பொம்மை இல்லை. தூக்குப் பாலத்தின் நூல் மூன்றாம் நாளே அறுந்துவிடும். சுவர்க் கற்களைப் பொருத்திவிட்டுக் கழற்றப் பார்த்தால் நகம்தான் பெயரும், கல் பெயராது. பதினான்கு போர்வீரர்களுக்கும் ஒரே முகம், ஒரே சிரிப்பு. வெட்டுகிறவனும் சிரிப்பான், வெட்டுப்படுகிறவனும் சிரிப்பான். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் கோட்டைக்கு முன்பக்கம் மட்டும்தான் உண்டு. திருப்பிப் பார்த்தால் திறந்த வீடு.

இதையெல்லாம் வெளியாள் யாராவது சொன்னால் இந்தக் கோட்டையைச் சேகரிக்கிற எங்கள் குழுவே சண்டைக்குப் போகும். எங்களுக்குள் சொல்லிக்கொள்ளலாம். மாதத்தின் கடைசி ஞாயிறு பிற்பகல், எங்களில் ஒருவரான பல் டாக்டரின் கிளினிக்கில் நோயாளிகள் உட்காரும் பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டு ஏழு பேர் கூடுவோம். எல்லோரும் ஐம்பதை ஒட்டியவர்கள். ஏழு பேரிடமும் சேர்த்துப் பதினொரு சாம்பல் கோட்டைகள். அதில் ஒருவர், பெட்டியோடு வந்த ஸ்டிக்கர் தாளை நாற்பது வருடமாக ஒட்டாமல் உறைக்குள் வைத்திருக்கிறார். பேத்தி ஒருநாள் அதைத் தொட்டுவிட்டாள் என்று அவளோடு ஒரு வாரம் பேசவில்லை. அவருக்கு ஸ்டிக்கர் என்றே பெயர் ஆகிவிட்டது.

போன வருடம் பழைய கோட்டையின் நினைவாகப் புதுக் கோட்டை ஒன்று கடைக்கு வந்தது. நூலுக்குப் பதில் சங்கிலி, நான்கு பக்கமும் சுவர், ஆளுக்கொரு முகம். ஏழு பேரும் வாங்கினோம். ஏழு பேரும் கட்டி முடித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினோம்.

"என்ன இருந்தாலும் அந்தப் பழைய கோட்டையோட கம்பீரம் வராது" என்றார் ஸ்டிக்கர்.

பல் டாக்டர்தான் உண்மையைச் சொன்னார். "கம்பீரமாவது ஒண்ணாவது. புதுசு எல்லா விதத்திலயும் நல்லா இருக்கு. அதான் நமக்குப் பிடிக்கல. நம்ம சின்ன வயசுல நமக்குக் கிடைச்சது மட்டமான சாமான்தான்னு இப்ப வந்து சொல்லிக்காட்டுது."

அந்தக் குழுவில் எனக்கு மட்டும் ஒரு தனி மரியாதை உண்டு. காரணம் ஒரு போட்டோ. ஒன்பது வயதில் நான் ஒரு பொம்மைக் கடைக்குள் நிற்கிறேன். என் தோளில் கடைக்காரரின் கை. மேஜையில் ஒரு கோட்டை. அந்தக் கடையில் ஒரு போட்டி வைத்தார்கள்: சாம்பல் கோட்டையின் கற்களை வைத்து, வெளியிலிருந்து ஒரு கல்கூடச் சேர்க்காமல், இஷ்டப்படி ஒரு கோட்டை கட்டிக் கொண்டுவர வேண்டும். பத்து வயதுக்கு மேல் அனுமதி இல்லை. வந்த பிள்ளைகள் எல்லோரும் பெட்டியில் இருந்த படத்தையே கட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். என்னுடையதை மட்டும் கடைக்காரர் தற்செயலாகத் திருப்பினார். பின்னால் ஒரு சமையலறை, மேலே ஏற மாடிப்படி, காவல்காரன் படுத்துக்கொள்ள ஒரு மூலை.

"அட, இதுக்குப் பின்பக்கமும் இருக்கே! ஏன் தம்பி?" என்று கேட்டார்.

"எதிரி முன்னாடிதான் வரணும்னு என்ன கட்டாயம்?" என்றேன்.

கடையே சிரித்துக் கைதட்டியது. கோட்டை ஒரு மாதம் கண்ணாடி அலமாரியில் தெருவைப் பார்த்து இருந்தது. இந்தக் கதையை எங்கள் குழுவில் சேர்ந்த அன்றே எடுத்துவிட்டேன். இன்று அந்த வாக்கியம் எங்கள் குழுவின் காபிக் கோப்பையில் அச்சாகியிருக்கிறது.

கோட்டையைக் கட்டியது நான் இல்லை. அக்கா.

அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அப்பா விண்ணப்பத் தாளைப் படித்துப் பார்த்தார், வயதுக் கட்டுப்பாட்டைப் பார்த்தார், என் பெயரை எழுதினார். "ரெண்டு பேரும் சேர்ந்து விளையாடுறதுதானே? யார் பேர் இருந்தா என்ன?" என்றார். அக்கா தலையாட்டினாள். பரிசு கொடுத்த அன்று கூட்டம் அதிகம் என்று கலந்துகொண்ட பிள்ளையையும் ஒரு பெரியவரையும் மட்டும் உள்ளே விட்டார்கள். அக்காவும் அம்மாவும் கண்ணாடிக்கு வெளியே நின்றார்கள். உள்ளே நடந்தது தெரிந்திருக்கும், காதில் விழுந்திருக்காது.

விண்ணப்பம் அப்பாவின் வேலை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பதில் என் வேலை. அதை அங்கே சொல்லும்படி என்னிடம் யாரும் சொல்லவில்லை. அக்கா பின்பக்கம் கட்டிக்கொண்டிருந்தபோது, "படத்துல இப்படி இல்லையே, கெடுக்காதே" என்று நான் அழுதேன். அப்போது அவள் எனக்குச் சொன்னது அது. கடைக்காரர் கேட்டவுடன் என் வாயில் தயாராக வந்து நின்றது.

அதற்கப்புறம் வீட்டில் என்னைப் பற்றிய பேச்சே மாறிப்போனது. "இவனுக்குக் கட்டுற மூளை" என்று அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். நாலைந்து வருடத்தில் அவரே அதை நம்பிவிட்டார். என்னைக் கட்டடப் படிப்புக்கு அனுப்பினார். அக்காவை ஒரு வருட டைப்பிங் வகுப்புக்கு. அவள் ஒரு ஆஸ்பத்திரியின் பதிவேட்டு அறையில் வேலைக்குச் சேர்ந்து இன்னும் அங்கேயே இருக்கிறாள். நான் நகராட்சியில் கட்டட ஆய்வாளர். அதாவது, மற்றவர்கள் கட்டியதில் குறை கண்டுபிடித்துக் கையெழுத்துப் போடுகிறவன். இத்தனை வருடத்தில் நானாக ஒரு கோழிக்கூண்டு கட்டியதில்லை.

எங்கள் குழுவுக்கு இந்த மாதம் பத்து வயது. அதைக் கொண்டாட, பின்பக்கம் உள்ள கோட்டையை நானே மறுபடி கட்டிக் கொண்டுவர வேண்டும் என்று முடிவு செய்தார்கள். பல் டாக்டர் தன்னுடைய முழு செட்டையும் என் கையில் கொடுத்துவிட்டார். "நீங்க கொண்டுவந்து வையுங்க. நாங்க ஒவ்வொருத்தரா திருப்பிப் பார்க்கணும்" என்றார். அவர் கண்ணில் அப்படியொரு ஆசை. நானும் பெரிய மனுஷன் மாதிரித் தலையாட்டிவிட்டு வந்தேன்.

மூன்று வாரம் முழி பிதுங்கியது. செய்முறைப் புத்தகத்தில் உள்ள கோட்டையை நான் கண்ணை மூடிக்கொண்டு கட்டுவேன். அதற்குப் பின்பக்கம் வைக்கக் கல் மிச்சமில்லை. சமையலறை வந்தால் மாடிப்படிக்குக் கல் இல்லை, மாடிப்படி வந்தால் காவல்காரனுக்குப் படுக்க இடமில்லை. போட்டோவைப் பார்த்தால் முன்பக்கம் மட்டும்தான் தெரிகிறது.

"உங்க கோட்டை உங்களுக்கே கட்ட வரலையா?" என்று என் மனைவி கேட்டாள்.

"ரொம்ப நாளாச்சுல்ல" என்று பூசி மெழுகினேன். அவளுக்கும் நான் உண்மையைச் சொன்னதில்லை. கல்யாணத்துக்கு முன் அவளைப் பார்க்கப் போனபோது சொன்ன முதல் கதையே அந்தப் போட்டோதான்.

கடைசி ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு அக்காவை வரச்சொன்னேன். ஒரு சின்ன உதவி என்று மட்டும் சொன்னேன். மறந்துபோய்விட்டது என்று சாக்குச் சொல்லி, பேச்சோடு பேச்சாக அவளிடமிருந்து கறந்துகொள்ளலாம் என்பது என் திட்டம். அதைச் சொல்லவே இப்போது நாக்கு கூசுகிறது.

அக்கா குடையை மடித்துக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டு உள்ளே வந்தாள். மேஜையைப் பார்த்ததும் முகம் மலர்ந்துபோனது.

"ஐயோ, இது நம்ம கோட்டைல்ல! இன்னுமா இதை வச்சு விளையாடுற?"

"விளையாட்டு இல்லக்கா. அந்தப் போட்டியில கட்டினோமே, அதைத் திரும்பக் கட்டணும். எப்படின்னு ஞாபகம் வரல."

"எங்கிட்ட கேக்குற பாரு!" என்று சிரித்தாள். "எனக்கு என்னடா தெரியும்? நீ கட்டினே, நான் பக்கத்துல உக்காந்து கல்லு எடுத்துக் குடுத்தேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை.

"இப்பவும் எங்க ஆபீஸ்ல சொல்லுவேன், தெரியுமா? என் தம்பி ஒன்பது வயசுலயே கடைக்காரரை அசத்தினவன்னு. அப்பவே வீட்டுல தெரிஞ்சுபோச்சு. உனக்கு அந்த மூளை, எனக்கு ஃபைல் அடுக்குற மூளை. ஒவ்வொருத்தருக்கு ஒண்ணு."

அவள் வருத்தமாகச் சொல்லியிருந்தால் நான் எப்படியோ சமாளித்திருப்பேன். பெருமையாகச் சொன்னாள். எனக்கு உட்காரவே முடியவில்லை. நான் எடுத்தது ஒரு பரிசைத்தான் என்று இத்தனை நாள் கணக்குப் போட்டிருந்தேன். அவள் ஞாபகத்தையும் சேர்த்து எடுத்திருக்கிறேன்.

"அக்கா, கட்டினது நீ" என்றேன். "நான்தான் கல்லு எடுத்துக் குடுத்தேன். அதுவும் ஒழுங்காக் குடுக்கல, அழுதுக்கிட்டு இருந்தேன். உனக்குப் பன்னிரண்டு வயசு, அதனால அப்பா என் பேரை எழுதினாரு. அப்பாதான் எழுதினாரு."

அப்பா என்பதை இரண்டு தரம் சொன்னேன் என்பது எனக்கே கேட்டது.

"சும்மா இருடா. வயசாக ஆக உனக்கு நல்ல மனசு வந்துடுச்சு, அவ்வளவுதான். எனக்காக எதையாவது சொல்லாதே" என்றபடி ஒரு கல்லை எடுத்து உருட்டினாள். "நான் கட்டியிருந்தா எனக்குத் தெரியாதா?"

அப்புறம் நான் கட்டி வைத்திருந்த அரைகுறைக் கோட்டையை மேலும் கீழும் பார்த்தாள். பதிவேட்டு அறையில் தப்பான அலமாரியில் இருக்கும் ஃபைலைப் பார்க்கிற பார்வை.

"இந்தக் கோபுரம் ஏன் இவ்வளவு உசரம்?"

"படத்துல அப்படித்தான்."

"வீரன் நின்னா தலை தெரியணும், அவ்வளவுதானே? மேல இருக்கிற ரெண்டு வரிசை தண்டம்."

சொல்லிவிட்டு நான்கு கோபுரத்தின் தலையிலிருந்தும் இரண்டிரண்டு வரிசையைக் கழற்றினாள். மேஜையில் ஒரு குவியல் கல் சேர்ந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. போட்டோவை எடுத்துப் பார்த்தேன். கோபுரங்கள் குட்டை. நாற்பது வருடமாகப் பார்க்கிறேன், கட்டடத்தில் அரை அடி குறைந்தால் நோட்டீஸ் அனுப்புகிற ஆள் நான், இதைக் கவனிக்கவில்லை. கட்டினவன் என்றால் கவனித்திருப்பேன்.

போட்டோவை அவள் முன்னால் வைத்தேன். அவள் போட்டோவைப் பார்த்தாள், கோபுரத்தைப் பார்த்தாள். கட்ட ஆரம்பித்தாள். இரண்டு தரம் தப்பாக வைத்துப் பிரித்தாள். மாடிப்படியைச் சுவருக்குள் செருகினாள். படிக்குக் கீழேயே சமையலறை வந்துவிட்டது. அடுப்புச் சுவரின் மறுபக்கம் காவல்காரனின் மூலை. என் மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுப் போனாள். டீ ஆறிப்போனது.

முடிந்ததும் அக்கா கோட்டையைத் திருப்பி, பின்பக்கத்தைத் தன்னைப் பார்க்க வைத்துக்கொண்டாள். வெகுநேரம் பார்த்தாள்.

"அன்னிக்கு அந்தக் கடைக்காரர் குனிஞ்சு உங்கிட்ட என்னமோ கேட்டாரு" என்றாள். "கண்ணாடி வழியாப் பார்த்தேன். எல்லாரும் சிரிச்சுக் கைதட்டினாங்க. என்ன கேட்டாரு?"

"ஏன் பின்பக்கம் கட்டினேன்னு."

"நீ என்ன சொன்னே?"

அலமாரியில் காபிக் கோப்பை அச்செழுத்தோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. என் கண் போன பக்கம் அவளும் பார்த்தாள். எழுந்துபோய்க் கோப்பையை எடுத்து, கண்ணாடி போடாததால் தூரப் பிடித்து, ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள்.

"அதையுமாடா?" என்றாள்.

திட்டியிருக்கலாம். அழுதிருக்கலாம். கோப்பையை எடுத்த இடத்தில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, பின்பக்கத்தைக் கழற்ற ஆரம்பித்தாள். முதலில் காவல்காரனின் மூலை, அப்புறம் அடுப்பு, அப்புறம் மாடிப்படி, மேலிருந்து கீழாக. கோபமே இல்லாமல், கல் கீறாமல், நகத்தை நுழைத்து மெதுவாகப் பிரித்து அடுக்கினாள். முன்பக்கத்தை மட்டும் தொடவில்லை.

"அக்கா" என்றேன். அவள் நிமிரவில்லை. எனக்கு வெட்கத்தில் காது எரிந்தது, கண்ணில் தண்ணீர்கூட வந்தது. ஆனால் அந்தத் தண்ணீரைச் சட்டென்று துடைத்துக்கொண்டேன், பார்வை மறைக்கக் கூடாது என்று. அவள் கழற்றக் கழற்ற, எந்தக் கல்லுக்கு அப்புறம் எந்தக் கல் என்று நான் மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.