வறண்ட ஆற்றுக்கு ஒரு நாள்

ஈஸ்ட் ஹாம் வீட்டின் சாப்பாட்டு மேசையில் கென்யாவின் வரைபடம் விரிந்து கிடந்தது. அதன் வடக்கே, மழை எப்போதாவது எட்டிப் பார்க்கும் ஒரு வனவிலங்குக் காப்பகத்தைச் சிவமலர் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தாள். இருபது ஆண்டுகளாக மருத்துவமனை ஷிப்டுகளில் தேய்ந்த தாதி அவள். காண விரும்பியது ஒன்றே ஒன்று. வறண்டு மணலாகிப்போன ஆற்றை யானை காலால் தோண்டி நீர் எடுக்குமாம். எந்த இடத்தில் தோண்டுவதென்று அதற்கு யார் சொன்னார்?

விடுப்பு செப்டெம்பர் கடைசியில் கிடைத்திருந்தது. கணவன் குகநாதனும் தலையாட்டிவிட்டான். காப்பகத்து வழிகாட்டி தன் வாகனத்தில் இரண்டு இடம் பிடித்து வைத்து, இன்று ஆறு மணிக்குள் பதில் கேட்டிருந்தார். குறுக்கே வந்து அமர்ந்தவர் அவளுடைய தமையன் விஜயரத்தினம். கையில் யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கம்.

“சனிக்கிழமை காலமை பத்து மணிக்கு பிளைட். ஒன்பதிலையிருந்து பத்தரை மட்டும் ராகுகாலம், பிள்ளை. நவம்பருக்கு மாத்து.”

“நவம்பரிலை அங்கை மழை, அண்ணை. எங்கையும் தண்ணி நிண்டால் ஆனை ஏன் தோண்டப்போகுது?”

“தோண்டினால் என்ன, சும்மா நிண்டால் என்ன? ஆனை ஆனைதானே.”

“சும்மா நிக்கிறதைப் பாக்கிறதெண்டால் இவர் இருக்கிறார்.”

சுவரில் சாய்ந்து நின்ற குகநாதன் சிரித்தான். சிவமலர் தமையனின் பக்கம் சாய்ந்தாள்.

“ஒண்டு கேக்கட்டே? உந்தப் பஞ்சாங்கம் எந்த ஊர்ச் சூரியனைப் பாத்து எழுதினது?”

“யாழ்ப்பாணத்துச் சூரியன்தான்.”

“பிளைட் இங்கை வெளிக்கிடேக்கை யாழ்ப்பாணத்திலை பின்னேரம் ரண்டரை. ராகு எப்பவோ போயிட்டார். இறங்கிற ஊரிலை மத்தியானம் பன்னிரண்டு. அங்கையும் போயிட்டார். இங்கை மட்டும் ஆருக்காக நிக்கிறார்?”

இந்நாட்டு மணிக்கூட்டையும் அந்நாட்டு ஏட்டையும் நாற்பது ஆண்டுகளாகச் சேர்த்துப் பார்த்தே வாழ்ந்தவரிடம் இக்கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. அவர் முன்பக்கம் புரட்டினார், பின்பக்கம் புரட்டினார். மணி ஐந்தே முக்கால். சிவமலர் காத்திருக்கவில்லை, ‘வருகிறோம்’ என்று அனுப்பிவிட்டாள்.

பதிலாக வழிகாட்டி ஒரு காணொளி அனுப்பினார். யானை மணலைக் கிளறியது, குடித்தது, நகர்ந்தது. ஒதுங்கி நின்ற வரிக்குதிரைகள் அந்தக் குழியை நோக்கி நடக்கும்போதே காட்சி முடிந்தது.

விஜயரத்தினம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி போடச் சொன்னார்.

“அதுகளைக் குடிக்க விடுமோ, திரும்பி வந்து கலைக்குமோ?”

“அதைப் பாக்கத்தான் போறன்.”



“அந்த வாகனத்திலை எத்தினை சீற்?” என்றார், பஞ்சாங்கத்தை மூடாமலே.