மடைக்குப் போன கத்தி

மோட்டார் கொட்டகையில் உர மூட்டைகளை அடுக்கி, அதன்மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, யாருக்கும் வேண்டாத ஒரு போர் எப்படி மூண்டது என்று தேவிப்ரியா பேசிக்கொண்டிருந்தாள். சென்னையில் சர்வதேசப் பாதுகாப்பு என்று ஒரு மேற்படிப்பு. விடுமுறைக்குக் கச்சிராயபாளையத்தை ஒட்டிய ஊருக்கு வந்தவளுக்கு அன்று ஆன்லைனில் செமினார். டவர் ஒழுங்காகக் கிடைப்பது வயல்வெளியில்தான். “தன் பாதுகாப்புக்கென்றுதான் ஒரு நாடு படை திரட்டுகிறது. தன்மேல் பாயத்தான் என்று பக்கத்து நாடு பயப்படுகிறது. அதுவும் திரட்டுகிறது” என்று சொல்லி நிமிர்ந்தாள். கதவுக்கு வெளியே ஐம்பதடி தூரத்தில் அப்பா நின்றிருந்தார். அவர் காலடி வரப்பில் கரும்பு வெட்டும் கத்தி குத்தி நின்றது.

அணைத் தண்ணீர் வயலை ஒட்டிய கால்வாயில் முறை வைத்துத்தான் வரும். பதினோரு மணி வரை அப்பா சின்னதுரைக்கு, அதற்குமேல் பங்காளி சுப்புராயனுக்கு. முறைக்குப் போகிறவன் கையில் மண்வெட்டி தவிர எதுவும் இருக்காது. கத்தி, அருவாள் எதையும் மடைக்கு எடுத்துப் போவதில்லை. ஊரிலேயே மோசமான குடிகாரன்கூட அதை மீறியதில்லை. போன முறை சுப்புராயன் அரை மணி முன்னாலேயே மடையைத் திருப்பி, தட்டிக் கேட்ட சின்னதுரையைச் சேற்றில் தள்ளிவிட்டார். சேறு வழிய வீட்டுக்கு வந்த மனுஷன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பார்க்கப் பார்க்கத் தேவிப்ரியாவுக்குப் பொறுக்கவில்லை. “கையில ஒண்ணு இருக்குதுன்னு தெரிஞ்சாலே போதும்பா. நீங்க அடிக்கவே வேணாம், கிட்ட வர மாட்டாங்க” என்றாள். நாடுகள் அணுகுண்டை அடுக்கி வைப்பதே வெடிக்காமல் இருக்கத்தான் என்று விளக்கமும் கொடுத்தாள். படித்த பெண் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர் தலையாட்டினார். அவள் அதோடு மறந்துபோனாள். படித்த திமிர் என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

அன்று காலையிலேயே அந்தப் பக்கம் போன சுப்புராயன் கத்தியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தார். இப்போது மகன் இளவரசனோடு வந்தார். மகன் கையில் மண்வெட்டி, அவர் கையில் கடப்பாரை.

“இன்னா சின்னதுரை, நட்டு பத்து நாளு ஆவல. நெல்லுக்கு எதுக்கு கரும்புக் கத்தி?”

“நீ எதுக்கு கடப்பாரை எடுத்துக்கினு வந்த?”

“நீ கத்தி வச்சிக்கினு நிப்ப, நான் வெறுங்கையோட வரணுமா?”

தேவிப்ரியா மைக்கை அணைக்காமலே எழுந்து ஓடினாள். அப்பா கத்தியை வரப்பிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

“மணி ஆயிடுச்சு சித்தப்பா. பேசிக்கினே இருந்தா தண்ணி வீணா பூடும்” என்று இளவரசன் மடையில் இறங்கி மண்வெட்டியை ஓங்கினான். மண்ணை வெட்ட ஓங்கித்தான் ஆக வேண்டும். நாற்பது வருஷமாக அப்படி ஓங்கி வெட்டியவர்தான் அப்பாவும். ஆனால் அன்று அவர் கையில் கத்தி இருந்தது.

அவர் கத்தியை வீசினார். இளவரசனின் வலது கை மணிக்கட்டில் பிளந்து, தோலில் தொங்கியது. ரத்தம் அவள் முகம்வரை பீச்சியடித்தது. அவன் கத்தக்கூட இல்லை, யாருடைய கையோ என்பதுபோல் அதையே பார்த்தான். அடுத்த நொடி கடப்பாரை அப்பாவின் தலையில் இறங்கியது. அவர் கால்வாயில் குப்புற விழ, தண்ணீர் சிவந்து வயலுக்குள் ஓடியது. “சாவுடா! சாவு!” என்று சுப்புராயன் மறுபடி ஓங்கினார். அவள் அப்பாமேல் விழுந்தாள். கடப்பாரை அவள் தோளை உரசிச் சேற்றில் குத்தியது. அப்போதுதான் மகனின் கையைப் பார்த்த அந்தப் பெரிய மனுஷர், கடப்பாரையை விட்டுவிட்டு அடிபட்ட மாடு மாதிரி அலறினார்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் இரண்டு பேரையும் ஒரே வராண்டா வழியாகத்தான் கொண்டுபோனார்கள். அப்பாவுக்கு மண்டைக்குள் ரத்தக் கசிவு, உடனே ஆபரேஷன் என்றார்கள். கதவு மூடியதும் அம்மா பச்சையம்மாள் அவள் காதோடு சொன்னாள்: “அவன் உங்கப்பன அடிக்கத்தான் மம்முட்டிய ஓங்கினான்னு சொல்லு. இல்லன்னா பொழச்சாலும் அந்த மனுஷன் ஜெயிலுக்குத்தான் போவணும்.”

ஏட்டு நோட்டைப் பிரித்தார். “நீதானம்மா நேர்ல பாத்த? யாரு மொதல்ல?”

“நான்தான் சார். கத்திய எடுத்துக்கினு போவச் சொன்னது நான்தான்.”

“அத அப்புறம் பாப்போம். யாரு மொதல்ல அடிச்சது?”

எதிரே தள்ளுவண்டியில் கட்டுப்போட்ட கையோடு இளவரசன் படுத்திருந்தான். இரவல் வாங்கிய சைக்கிளில் அவளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்ட அண்ணன். தலையை அவள் பக்கம் திருப்பிக் கேட்டான்: “மடைய வெட்டத்தான் ஓங்கினேன் பாப்பா. உனுக்கு தெரியாதா?”

ஆபரேஷன் அறைக் கதவைப் பார்த்தாள். உள்ளே கிடப்பவர்மேல் அவளுக்கு உயிர்.

“தெரியும்ணா” என்றாள்.

அம்மாவின் கை பொறி கலங்க அவள் கன்னத்தில் இறங்கியது. “பெத்த அப்பன அறுத்துப்புட்டியேடி!” மறுபடி ஓங்கிய கை சுவரில் மோதி, கண்ணாடி வளையல்கள் நொறுங்கின. ஓங்கிய கை அப்படியே நின்றது. வெறும் மணிக்கட்டையும் ஆபரேஷன் அறைக் கதவையும் அம்மா மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து, உடைந்த துண்டுகளை ஒவ்வொன்றாக மடியில் பொறுக்கத் தொடங்கினாள்.