முதலில் என் பெயர்

கிரேக்க நாட்டுத் தெசலோனிகி மாநாட்டிலிருந்து வந்த ஒப்புதல் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். சந்தோஷத்தில் இல்லை. ஆராய்ச்சித் தலைப்புக்குக் கீழே இரண்டு பெயர்கள் இருந்தன. முதலில் என் பெயர், அதற்கப்புறம் என் பேராசிரியை மினேவா மேடத்தின் பெயர். பல்கேரியாவின் ஸ்தாரா ஸகோராவில் நான் படிக்கும் கால்நடை மருத்துவத் துறையில் மாணவி பெயர் கடைசியில்தான் வரும். பல சமயம் வரவே வராது. சீசா கழுவியவர்களுக்கு நன்றி என்று ஒரு வரி போட்டால் அதுவே பெரிய மனசு. அப்படியிருக்க என் பெயரை எதற்கு முதலில் தூக்கி வைத்தாள் இந்த அம்மாள்? தானமாகக் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். மாட்டு வைத்தியம் படிக்கிறவளிடம் போய் அதைச் சொல்லலாமா?

அறைத்தோழி இவெத்தா சட்டம் படிக்கிறாள். மாநாட்டு விதிகளை ஒன்றுவிடாமல் போனில் படித்தவள் அவள்தான்.

"கலினா, இங்க பாருடி. பேர் போட்டவங்கள்ல ஒருத்தராவது கட்டணம் கட்டி நேர்ல வந்து நிக்கணுமாம். மாணவர்னா தொண்ணூத்தஞ்சு யூரோ. மத்தவங்களுக்கு முந்நூத்து நாப்பது."

"அதுக்கு?"

"அதுக்கா? ஆதாயம் இல்லாம யாருடி ஆத்துல இறங்குவா? உன் பேரை முதல்ல போட்டா நீ பல்லை இளிச்சுக்கிட்டு ஓடுவ. அந்தம்மா பர்ஸைத் திறக்கவே வேண்டாம்."

கட்டணத்தோடு போகிறதா? பஸ், இரண்டு ராத்திரிப் படுக்கை, அங்கே மாட்ட வேண்டிய ஆராய்ச்சிப் போஸ்டரை அச்சடிக்கிற செலவு, நான் வேலை பார்க்கும் அடுமனையில் போகிற நாலு நாள் கூலி. எல்லாம் சேர்த்தால் எங்கள் காசில் ஏறக்குறைய அறுநூறு லெவா. கூலி போனாலும் பரவாயில்லை, வேலையே போய்விடும் போலிருந்தது. அங்கே பாலாடைக்கட்டி வைத்த பனித்ஸா சுடுகிற முதலாளி கின்சோ அண்ணன் மாவைத் தட்டிக்கொண்டே சொன்னார். "நல்லா போயிட்டு வாம்மா. ஆனா அடுப்புகிட்ட யாராச்சும் நிக்கணுமில்ல? வந்து நின்னவளை அப்புறம் போன்னு சொல்ல எனக்கு வாய் வராது." அந்த வேலைதான் என் வாடகை. படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம் இருந்தது.

மறுநாள் காலை நேராக மேடத்தின் அறைக்குப் போனேன். சன்னலைத் திறந்து வைத்துப் புகைத்துக்கொண்டிருந்தாள். உட்காரக்கூட இல்லை, கேட்டுவிட்டேன்.

"என் கட்டணம் கம்மிங்கிறதாலதான மேடம் என் பேரை முதல்ல போட்டீங்க?"

"ஆமா."

சே! மழுப்புவாள், கோபப்படுவாள் என்று இரண்டுக்கும் பதில் தயார் செய்து வைத்திருந்தேன்.

"துறையில காசில்ல. நான் போனா என் சம்பளத்துலதான் கட்டணும். அதனால உன் பேரு. ஏழு ஆட்டுக்கிடைக்கும் சேத்துல நடந்தது நீ, அதனாலயும் உன் பேரு. ரெண்டும் நிஜம். ஒண்ணு இருந்தா இன்னொண்ணு இருக்கக் கூடாதா?"

"உங்க பேரையே முதல்ல போட்டுக்குங்க. நீங்களே போயிட்டு வாங்க."

"சரி, போறேன்." இவ்வளவு சீக்கிரம் சொல்வாள் என்று நினைக்கவில்லை. "ஆனா அங்க எவனாவது கேப்பான், பாலை எப்படிப் பிடிச்சீங்கன்னு. உன் நோட்டைப் பாத்துச் சொன்னா போதுமில்ல? எல்லாம் அதுல இருக்குல்ல?"

சாதாரணமாகத்தான் கேட்டாளா, தெரிந்துகொண்டு கேட்டாளா? இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தது. எல்லாம் அதில் இல்லை.

ஆடுகளுக்கு மடிநோய் எங்கே அதிகம் என்பதுதான் ஆராய்ச்சி. மடியைத் துடைத்துவிட்டுக் கறக்கும் கிடைகளிலும் துடைக்காத கிடைகளிலும் பால் எடுத்தோம். காம்பில் வருகிற முதல் பீச்சலைத் தரையில் விட்டுவிட்டு, அடுத்ததைத்தான் சீசாவில் பிடிக்க வேண்டும். முதல் பீச்சலில் அழுக்கு நிறைய இருக்கும். மடியைத் துடைக்காத கிடைக்காரி ஸ்தோய்னாவிடம் நான் போனது மேய்ப்பர்களின் பண்டிகையான புனித ஜார்ஜ் நாளன்று. வாளிக்கு மாலை கட்டியிருந்தாள். முதல் பீச்சலைத் தரைக்குத் திருப்பியதும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "ஏண்டி பாவி, இன்னிக்கு மண்ணுல ஒரு சொட்டு விழுந்தா வருஷம் பூரா மடி வத்திடும்!" அவள் வீட்டு வழக்கம் அது. பத்தொன்பது ஆடுகள். பத்தொன்பதிலும் முதல் பீச்சலோடு பிடித்தேன். இன்னொரு நாள் திரும்பிப் போக பஸ் காசில்லை. நோட்டில் எழுதவும் இல்லை.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவமானமாக இருந்தது. அடுத்தவள் பல்லை எண்ணப் போனவள், என் வாயைத் திறந்து காட்டிக்கொண்டு நின்றேன்.

மேடம் சிகரெட்டை அணைத்தாள். கணினியைத் திறந்து அந்தப் பத்தொன்பது வரிகளையும் நீக்கினாள். மறுபடி கணக்குப் போட்டதும், துடைத்த கிடைக்கும் துடைக்காத கிடைக்கும் சொல்லிக்கொள்ளும்படி ஒரு வித்தியாசமும் மிஞ்சவில்லை.

"நாளைக்கு மதியம் வரைக்கும் திருத்தி அனுப்பலாம். இல்லன்னா வாபஸ் வாங்கலாம். முதல் பேரு உன்னுது. நீ சொல்றதுதான்."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மேடம்?"

"தெரியும்னு சொன்னா நம்புவியா? தெரியாதுன்னு சொன்னாதான் நம்புவியா?"

இவெத்தா தலையில் அடித்துக்கொண்டாள். "ஒண்ணும் கண்டுபிடிக்கலன்னு சொல்றதுக்கு அறுநூறு லெவாவா? பைத்தியமாடி உனக்கு?" அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் வாபஸ் வாங்கினால் காரணம் கேட்பார்கள். மேடம் யாரிடம் என்ன சொல்வாளோ! நான் இல்லாத இடத்தில் என் தப்பை வேறொருத்தி தன் வாயால் சொல்வதை என்னால் தாங்க முடியாது. பெரிய நேர்மைக்காரி ஒன்றும் இல்லை நான். திருத்தி அனுப்பிவிட்டுப் பணம் கட்டினேன். ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முன்னாலேயே கின்சோ அண்ணனின் அடுப்பருகே ரோசித்ஸா என்று ஒருத்தி நின்றாள்.

தெசலோனிகியில் என் போஸ்டர் கழிப்பறைக்குப் போகிற வழியில் மாட்டப்பட்டிருந்தது. பக்கத்துப் போஸ்டரில் வண்ண வண்ணப் படங்கள், அங்கேதான் கூட்டம். இரண்டு மணி நேரத்தில் என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லாருமே ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போனவர்கள்.

பிறகு நரைத்த முடியை ஒட்ட வெட்டிய ஒரு கிரேக்கப் பெண்மணி வந்து நின்றாள். தலைப்போடு நகர்ந்துவிடவில்லை. அட்டவணையை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். கடைசிப் பத்திக்கு வந்தாள். பத்தொன்பது மாதிரிகள் தவறாக எடுக்கப்பட்டன, தவறு என்னுடையது என்று அதில் எழுதியிருந்தேன். அங்கேயே நின்றுவிட்டாள். என் சட்டையில் குத்தியிருந்த அட்டையைக் குனிந்து பார்த்தாள்.

"நீங்களா?" என்றாள் ஆங்கிலத்தில்.

"நான்தான்."

பையிலிருந்து சின்ன நோட்டு ஒன்றை எடுத்துச் சுவரில் வைத்து எழுத ஆரம்பித்தாள். நான் கழுத்தை நீட்டிப் பார்த்தேன். கிரேக்க எழுத்து எங்கள் பல்கேரிய எழுத்துக்கு ஒன்றுவிட்ட அக்கா மாதிரி. பாதிக்குப் பாதி அடையாளம் தெரியும், ஒரு வார்த்தை புரியாது. நாலு வரி எழுதினாள். என் தப்பையா, நான் அதை ஒப்புக்கொண்டதையா, எதைக் குறித்துக்கொள்கிறாள்? என்னை நிமிர்ந்து பார்த்தாள். பக்கத்தைத் திருப்பி, இன்னும் எழுதினாள்.